ஒட்டுத் தெரியாத மட்கார்டு

என் அம்மா சென்னையில் ஒரு டிராக்டர் கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தவள். மெக்கானிக்கல் படித்தபோது துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு லேத் மிஷின் முன்னால் அவள் நிற்பதைப் பார்க்க மற்ற வகுப்புப் பையன்கள் ஜன்னலில் கூடுவார்களாம். இதைப் பெரியம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அம்மா சொன்னதில்லை.

எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்பாவுக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. அம்மா ராஜினாமா செய்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு அவருடைய மனைவி என்ற விசாவில் பிஸ்கட்டவேவுக்கு வந்தாள். அந்த விசாவில் அவள் படிக்கலாம், சமைக்கலாம், கார் ஓட்டலாம், கோயிலில் கோலம் போடலாம். யாரிடமும் வேலை செய்து சம்பளம் வாங்க மட்டும் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் எங்கள் பெயர் நகரும்வரை பொறுத்துக்கொள், இன்னும் ஒரு வருஷம்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டில் இருந்த வயதான அமெரிக்க ஆன்ட்டி வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போவதாக இருந்தார். அவருடைய கொல்லையில், மரங்களுக்கு நடுவே ஒரு பழைய பிக்கப் டிரக் கிடந்தது. அவருடைய மாமனார் ஓட்டியது. உருண்டையான முகம், தவளைக் கண் போன்ற விளக்குகள், பின்பக்கம் மரப்பலகை போட்ட தொட்டி. தரையோடு ஒட்டிக் கிடந்த சட்டம் துருவேறி இற்றுப்போய்விட்டது, இன்ஜின் இறுகிப்போய்விட்டது. யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் ஆன்ட்டி. நான் எடுத்துக்கறேன் என்று அம்மா சொன்னாள். அவள் எதையாவது கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா சிரித்தார். பிறகு சம்மதித்தார். தையல் மிஷின் கேட்கும் மனைவிக்கு வாங்கிக் கொடுப்பதுபோல்தான் அதை அவர் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. "அவளுக்கும் பொழுது போகணுமே" என்று நண்பர்களிடம் சொன்னார்.

அம்மாவின் திட்டம் எளிமையானது. மேல் உடம்பு பழையது, கீழே எல்லாம் புதியது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்றின் சேசிஸ், அதாவது சக்கரமும் இன்ஜினும் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டம், அப்படியே வேண்டும். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் பழைய உடம்போடு பொருந்த வேண்டும். எந்த வண்டி பொருந்தும் என்று கண்டுபிடிக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பார்க்கிங்கில் நிற்கும் பெரிய வண்டிகளை எல்லாம் நாங்கள் அளந்தோம். நான் டேப்பின் ஒரு நுனியை முன் சக்கரத்தின் நடுவில் பிடித்துக்கொள்வேன். அம்மா பட்டுப்புடவையோடு பின் சக்கரத்தின் அருகே குந்தி உட்காருவாள். அர்ச்சனைத் தட்டோடு வரும் ஆன்ட்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு அங்கிள், தன் வண்டிக்கு என்ன ஆச்சு என்று பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

கடைசியில், புயலில் மரம் விழுந்து கூரை நசுங்கிய ஒரு வண்டி பழைய வண்டிகள் உடைக்கும் யார்டில் கிடைத்தது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் கராஜில் கார் நிற்கவில்லை.

இரண்டு வருஷம். நான் பள்ளிவிட்டு வந்தால் சமையலறையில் அம்மா இருக்க மாட்டாள். கராஜில், அப்பாவின் பழைய பேன்டில், டிரக்கின் வயிற்றுக்குக் கீழே இருப்பாள். பாதம் மட்டும் தெரியும், மெட்டியோடு. கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து வெல்டிங் கற்றுக்கொண்டாள். அந்த வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாள். புது இன்ஜின் நீளமாக இருந்ததால், அதற்கும் டிரைவர் காலுக்கும் நடுவே இருக்கும் சுவரை வெட்டிப் பின்னால் தள்ளினாள். உடம்பைச் சட்டத்தின்மேல் இறக்கும் நாளில் அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். அப்பா ஒரு மூலை. அந்த வண்டிக்கு அவர் செய்த வேலை அது.

எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு ஒரு கோளாறு தெரிந்தது. புது சேசிஸ் அகலமானது. பின் டயர்கள் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன, சின்னச் சட்டை போட்ட ஆளின் கைகள் போல. அகலமான பிளாஸ்டிக் மட்கார்டு வாங்கி மாட்டிவிடலாம் என்று காலேஜில் சொன்னார்களாம். அம்மா ஒரு வாரம் கராஜுக்குள் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை மடித்து மடித்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். பிறகு அந்த உருண்டையான இரும்பு மட்கார்டுகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டைத் தகட்டை வளைத்து வைத்துப் பற்றவைத்தாள். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஆறும்வரை காத்திருந்து அந்தக் கோடியில் ஒரு பொட்டு. இப்படியே பொட்டு பொட்டாக ஒரு குளிர்காலம் போயிற்று. தேய்த்து முடித்தபோது என் கையைப் பிடித்து மட்கார்டின்மேல் வைத்து, கண்ணை மூடச் சொன்னாள்.

"எங்க ஒட்டியிருக்குன்னு சொல்லு பாப்போம்."

தேடினேன். தெரியவில்லை. "நோவேர்" என்றேன். அம்மா அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வாழைக்குருத்தின் பச்சையில் அவளே பெயின்ட் அடித்தாள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து வண்டி ரோட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்பாவின் பெயரில் இருந்ததுபோல அதுவும் அப்பாவின் பெயரில் பதிவானது.

அந்தக் கோடையில் பக்கத்து ஊர்ப் பூங்காவில் பழைய வண்டிகளின் கண்காட்சி நடந்தது. யார் வேண்டுமானாலும் கொண்டுபோய் நிறுத்தலாம். நாங்களும் நிறுத்தினோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வண்டியின் முன்னால் நின்றார். அம்மா பின்பக்கத் தொட்டியில் உட்கார்ந்து எனக்குத் தட்டில் எலுமிச்சை சாதம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்தவர் என்று பிறகு தெரிந்தது. வண்டியைச் சுற்றி வந்தவர், பின் மட்கார்டுக்கு வந்ததும் நின்றார். எட்டி நின்று பார்த்தார். குனிந்து உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். நான் தேடியதைத்தான் அவரும் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. நிமிர்ந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது. அப்பாவிடம் போய், இதை யார் செய்தது, நீங்களா என்று கேட்டார்.

அப்பா வண்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யெஸ். டுக் மீ டூ இயர்ஸ்."

அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் குலுக்கினார். அம்மா அவர்களையே பார்த்தபடி கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் தட்டில் சாதம் குவிந்துகொண்டே போயிற்று.

திரும்பி வரும்போது மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். நான் நடுவில்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பின்ன என்ன சொல்றது? நீ பண்ணேன்னு சொன்னா எந்த ஷாப்ல வேலை பாக்கறாங்கன்னு கேப்பான். இவ விசால வேலை பாக்கக் கூடாதேன்னு எவனாவது இமிக்ரேஷனுக்கு எழுதிப் போட்டா? கிரீன் கார்டு ஃபைல் போயிட்டிருக்கற நேரத்துல ரிஸ்க் எடுக்கச் சொல்றியா?"

"நம்ம வண்டிய நாம ரிப்பேர் பண்றதுக்குப் பேரு வேலையா?"

"ஒரு வார்த்தை சொன்னேன். அவன் யாரோ, நாம யாரோ. வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவான், விடு."

அவர் மறந்தாரோ இல்லையோ, அப்பா மறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வந்த நண்பர்களிடம், ஒரு அமெரிக்கப் பட்டறைக்காரர் தன் கையைப் பிடித்துக் குலுக்கியதைச் சொன்னார். ஐசலினில் இருக்கும் இந்தியக் கடைகளில் மளிகை வாங்க அந்த வண்டியில்தான் போவார். கடைவாசலில் கூடுகிறவர்களிடம் முதலில் "நாங்க பண்ணினோம்" என்றார். பிறகு "நான்" என்றார். கேள்விகள் வர வர, அவருக்குப் பதில்கள் தேவைப்பட்டன. சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்பார். அந்தச் சுவரை எப்படித் தள்ளினே? தகடு ஏன் நெளியலே? அம்மா சொல்லுவாள். அடுத்த வாரம் ஹாலில் அதையே அவர் சொல்லுவார். ஏதாவது தப்பாகச் சொன்னால் சமையலறையிலிருந்து அம்மா திருத்துவாள். ஆரம்பத்தில். பிறகு தப்பாகச் சொன்னாலும் உள்ளேயிருந்து குரல் வருவதில்லை. அப்பாவும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அந்த வண்டியை அவரே செய்ததாக அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கராஜுக்குக் கார் திரும்பி வந்தது.

அடுத்த வருஷக் கடைசியில், வரிசை சட்டென்று நகர்ந்து, அம்மாவுக்கு வேலை செய்யும் அனுமதி அட்டை வந்தது. அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பல இடங்களுக்கு அப்ளை பண்ணினாள். எட்டு வருஷமாக என்ன செய்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பள்ளி அரைநாளாக இருந்த ஒரு தினம், என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த டிரக்கைத் தானே ஓட்டிக்கொண்டு தாடிக்காரரின் பட்டறைக்குப் போனாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். காதோரம் முடி ஒரே சீராக ஒதுங்கியிருந்தது.

அவர் வண்டியைப் பார்த்ததுமே வெளியே ஓடிவந்தார். சந்தோஷமாக மட்கார்டைத் தட்டினார். டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் கணவர் வரவில்லையா என்று கேட்டார். அம்மா இறங்கினாள். இருவரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கைகளால் பேசினாள். இரண்டு உள்ளங்கைகளை விரித்துப் பிளந்து காட்டினாள், நடுவில் மூன்று விரலை வைத்துக் காட்டினாள், காற்றில் பொட்டு பொட்டாக வைத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அம்மா திரும்பி வந்து வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"டிட் யூ டெல் ஹிம் யூ மேட் இட்?" என்று கேட்டேன்.

"சொன்னேனே."

"அண்ட்?"

"அப்பா எனக்கு ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்காராம். பொண்டாட்டிகிட்ட இவ்வளவு பொறுமையா எல்லாத்தையும் விளக்கற புருஷனை அவர் பாத்ததே இல்லையாம்." சாவியைத் திருப்பினாள். "போன் எடுக்க, பில் போட ஆள் வேணுமாம். திங்கக்கிழமை வர்றியான்னு கேட்டாரு. வெல்டிங் பண்ண அப்பாவை சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பச் சொன்னாரு."

அந்த வேலைக்கு அம்மா போகவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தாள், அங்கேயே பல வருஷம் இருந்தாள். டிரக்கை, பெரிய வீட்டுக்கு மாறியபோது அப்பா விற்றார். வாங்க வந்தவரிடம் மட்கார்டின் கதையை வெகுநேரம் சொன்னார். ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது! அந்தத் தாடி வைத்த அங்கிள் கொடுத்துவிட்டார்! நீங்கள் நல்ல புருஷன் என்று சொன்னார்! அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா, அன்னிக்கு அவன்கிட்ட நான் பேசி வச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்றார். உடனே சென்னைக்குப் போன் போட்டார். தன் வண்டியைப் பார்த்தே இவளுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று பெரியப்பாவிடம் உரக்கச் சொன்னார். நான் சோபாவில் ஏறிக் குதித்தேன்.

"ஆர் யூ ஹாப்பி, அம்மா?" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "வந்து சாப்பிடு, ஆறிடும்" என்றாள்.

போய்ச் சாப்பிட்டேன். மொறுமொறுவென்று நன்றாக இருந்தது. அப்பா இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அம்மா சுட்டுச் சுட்டுப் போட்டாள். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று வெகுகாலம் வரை யாராவது கேட்டால், நான் அந்த நாளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.