வெள்ளிக்கிழமைப் பிரியாணி

யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கொத்துரொட்டி, ஒன்றில் பிரியாணி, இன்னொன்றில் வட்டிலப்பம் என்கிற இனிப்பு. எல்லாக் கடைக்கும் பொதுவாக, இருந்து சாப்பிட நீள வாங்குகள் போட்டிருந்தன. அங்கே பரிமாறியவர் ஒருவர்தான். நெடிய, மெலிந்த மனிதர், தோளில் துவாய். ஆட்களைச் சாப்பாட்டின் பெயரால்தான் கூப்பிடுவார். கோப்பாய்ச் சைவக் குடும்பத்துப் பிள்ளையான நான் அவருக்கு ‘ஆட்டுப் பிரியாணி.’

எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை சுத்த சைவம் என்று பெண்வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, நெற்றி நிறையத் திருநீற்றோடு பெண்ணின் தகப்பன் வந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“வாங்க ஈரல் கொத்து!” என்று பரிமாறுகிறவர் அவரை என் முன்னால் இருத்தினார்.

“மாப்பிள்ளை, நீங்கள் சைவமெண்டல்லோ சொன்னவை?”

“உங்களையும் அப்பிடித்தான் சொன்னவை, மாமா.”

பரிமாறுகிறவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாப்பிள்ளையா? பிறகென்ன, பொருத்தமெல்லாம் சரிதானே!” என்று இரண்டு வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

கலியாணத்துக்குப் பரிமாறுகிறவரும் வந்தார். பந்தியில் எங்களோடு இருந்து, ஒரு வார்த்தை கதைக்காமல் சைவச் சாப்பாடு சாப்பிட்டார்.

“உவர் ஆர்?” என்று மாமி கேட்டா.

“தரகர்,” என்றார் மாமா.

அடுத்த ஐப்பசியில், 1990இல், ஆயுதம் ஏந்திய இயக்கக்காரர் முஸ்லிம் சனங்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். பரிமாறுகிறவரும் போய்விட்டார்; கடைகள் பூட்டிக் கிடந்தன.

“உங்கடை தரகர் இப்ப எங்கை?” என்று மாமி இடைக்கிடை கேட்பா. மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். எங்களுக்கும் தெரியாது.