அரைச் சுற்று

திருப்பதியில் ஒரு நீச்சல் குளத்தில் துண்டு எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அங்கே எட்டுப் பெண்கள், பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீரில் சேர்ந்து ஆடப் பழகுகிறார்கள். மூக்குக்கு ஒரு கிளிப். முடி கலையாமலிருக்க வெந்நீரில் கரைத்த ஜெலட்டின். பூசினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதைக் கரைத்துக் கொடுப்பதும் நான்தான். குளத்தின் தரையில் காலை ஊன்றினால் மார்க் போகும். தண்ணீருக்குள்ளும் ஸ்பீக்கர் இருப்பதால், தலைகீழாக நின்றாலும் பாட்டுக் கேட்குமாம்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் வெதுருகுப்பம் பக்கம் வரிசையில் நின்று நாற்று நட்ட கண் இது. எவள் கை பிந்துகிறது என்று நிமிராமலே சொல்வேன். அதைத் தெரிந்துகொண்ட கோச்சம்மா, என்னைப் படிக்கட்டின் மேல் நிறுத்தி, யார் பிந்துகிறார்கள் என்று கேட்பார்.

“ஆயாவுக்கும் ஒசரமா ஒரு சேர் போடுங்க மேடம், மார்க் போடட்டும்” என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

நடுவர்கள் அப்படித்தான் உயரத்தில் உட்காருவார்கள். சிலர் எட்டுப் பேரும் ஒன்றாக அசைகிறார்களா என்று பார்ப்பார்கள். சிலர் அழகைப் பார்ப்பார்கள். இன்னும் சிலர், என்ன செய்யப்போகிறோம் என்று கோச் முன்பே எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்துச் சரிபார்ப்பார்கள். எழுதியதில் ஒருத்தி குறைத்தாலும் அந்தப் பகுதிக்கு எட்டுப் பேருக்கும் அடிமட்ட மார்க்தான். எங்கள் காகிதத்தில் தலைகீழாக மூன்று சுற்று என்று இருந்தது. கோச்சம்மா எனக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், வரிசையின் கடைசிப் பெண் இரண்டரைச் சுற்றிலேயே இறங்கிவிட்டாள். மறுபடியும் இரண்டரைதான். காகிதத்தை மாற்றிக் கொடுக்க அப்போது நேரம் இருந்தது. என் வீட்டுக்காரர் போய், காரியம் முடிந்து, அன்றைக்குத்தான் நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். துக்கம் என்றும் சொல்ல முடியாது. உடம்பு மரத்துக் கிடந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கோச்சம்மா கேட்டார். இருக்கிறது என்று தலையாட்டினேன்.

போட்டியிலும் இரண்டரைதான் வந்தது. நடுவர்கள் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். மார்க் வந்ததும் பெண்கள் குளத்தோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

கோச்சம்மா என்னிடம் வந்தார். “நீங்க பாக்கலையாம்மா?”

பொய் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

“பாத்துக்கினுதான் இருந்தேன் மேடம். நேத்தே தெரியும்.”

அவர் பெண்களிடம் போய்விட்டார்.

கடைசிப் பெண்ணின் தலையில் நான்தான் வெந்நீர் ஊற்றினேன். ஜெலட்டின் கரைய வெகுநேரம் ஆகும். சூடு அதிகமா என்று அவளைக் கேட்டுக் கேட்டு ஊற்றினேன். என் கைக்கு அது தெரியவில்லை.

அடுத்த வாரம் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் துண்டு மடித்தேன். மூன்றாம் நாள் நானாகவே ஏறி நின்றேன்.

“கடைசிப் பொண்ணு மேடம். ரெண்டேமுக்காதான் வருது, இன்னும் கால் சுத்து வரணும்.”

கோச்சம்மா திரும்பிப் பார்க்கவில்லை. விசில் ஊதி, அந்த இடத்தை மறுபடி செய்யச் சொன்னார்.