மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபோது கேட்ட கேள்வி

என் இரண்டு பையன்களும் சிங்கப்பூர் போய் நாலைந்து வருடம் ஆகியிருக்கும். தை அறுவடை முடிந்த கையோடு எனக்குப் பித்தப்பையில் கல் என்று சொன்னார்கள். நீடாமங்கலம் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாப்பிள்ளைதான் அழைத்துப்போனார். கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லை.

மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: “படுத்தா மூச்சு முட்டுமாம்மா? குறட்டை விடுவீங்களா?”

எனக்கு நல்ல கனத்த உடம்பு. மல்லாந்து படுத்துப் பல வருடம் ஆகிறது. சுவரில் சாய்ந்துதான் தூக்கம். ஆனால் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். அவர் எதிரில் நாற்காலியில்கூட உட்காராதவள், குறட்டையைப் பற்றியா பேசுவேன்? இல்லை என்று தலையாட்டிவிட்டேன். டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் மேஜையில் மட்டமாகப் படுக்கவைத்தார்கள். “மேஜ தாங்குமாடா?” என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சிரித்தார். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்ததும் எனக்கு மூச்சுத் திணறியது. முகத்தைத் திருப்பினேன். “சரி விடு, நேரமாவுது” என்று அதை எடுத்துவிட்டு மயக்க ஊசியைப் போட்டார்கள்.

கண் விழித்தபோது முன்பல் ஒன்று இல்லை. தொண்டையெல்லாம் ரணம். ஆபரேஷன் நடக்கவே இல்லை. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடுவதற்குள் உடம்பு நீலம் பாரித்துவிட்டதாம். “உடம்பக் குறைச்சிட்டு வாங்க” என்றார் டாக்டர். ஏதோ நான் தப்புப் பண்ணிவிட்ட மாதிரி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடுத்த மாதம் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க தம்பி” என்று மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுத்தான் அதே கேள்விகளைக் கேட்டார். எல்லாம் சொன்னேன். அழுகைகூட வந்தது.

ஆபரேஷன் அன்று துணிகளை மடித்து முதுகிலிருந்து தலைவரை அடுக்கி, என்னைச் சரிவாகச் சாய்த்தார். மாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “கனத்த உடம்புல மூச்சு ரொம்ப நேரம் தாங்காதும்மா. தூங்குறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன நெஞ்சு நெறைய இழுத்து வெச்சுக்கங்க. குழா போடுற வரைக்கும் அதுதான் காப்பாத்தும். அவசரமே இல்ல” என்றார். மாஸ்க்கைப் பிடித்திருந்தது நாலு நிமிடம் இருக்கும், அவ்வளவுதான். கல்லை எடுத்துவிட்டார்கள்.

நான் சொன்ன பொய்யும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் முதல் ஆஸ்பத்திரியிலேயே நான் செத்திருந்தால், ‘அவ உடம்பு அப்படி’ என்று சொல்லி, பெற்ற பிள்ளைகள் உட்பட எல்லோரும் நம்பி என்னைத் தூக்கிப்போயிருப்பார்கள். நாலு நிமிடம் எனக்குக் கொடுக்கவில்லை என்பது ஒருத்தர் வாயிலும் வந்திருக்காது.