பெயர் எழுதிய வள்ளமும் பெயர் சொல்லாத படகும்

என் மகன் ரூபன் கடலிலிருந்து திரும்பவில்லை என்ற செய்தி புதன்கிழமை காலையில் வந்தது. கடந்த ஆடி மாதம். சபையில் முதன்முதல் இதைச் சொன்னபோது செவ்வாய் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய் பின்னேரம் அவன் தொழிலுக்குப் போன நாள். வராமல் விட்டது புதன். ஆண்டவர் செய்ததைச் சொல்லும்போது நாளும் சரியாக இருக்கவேண்டும் என்பதால் திருத்தி எழுதுகிறேன்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன என்றார். ரூபனும் அவனோடு போன குகனும் மட்டும் வரவில்லை. வெளியே தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. நான் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தேன். அவருக்கும் ஒரு கோப்பையை எடுத்து வைத்து, சீனி எவ்வளவு போட என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

அந்த வள்ளத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

எங்கள் வீடு வல்வெட்டித்துறையில். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கணவர் கடலை நம்பி வாழ்ந்தவர். அவர் இறந்த பின் ரூபனும் கடலுக்கே போனான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவருடைய பழைய வள்ளம் முந்திய கார்த்திகையில் அலையில் அடிபட்டு உடைந்தது. அதன் பின் இரண்டு உதவிகள் வந்தன.

முதலாவது வலை. ஒரு காலையில் படலையைத் திறந்தபோது உள்ளே உரப்பை ஒன்று கிடந்தது. அதற்குள் புதிய வலை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நான் அழுதுவிட்டேன். வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மலையில் ஆண்டவர் போதித்தது இதைத்தானே என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிறு ஆலயத்தில் யாரைக் கண்டாலும் இவராக இருக்குமோ என்று தோன்றியது. எல்லோருக்கும் ஒரே அளவாகச் சிரித்தேன். யாருடனும் ஒரு சொல் கூடவோ குறையவோ கதைக்கப் பயமாக இருந்தது. மறைவாகக் கொடுப்பவர் வாங்குபவரின் இந்தத் தவிப்பை அறிவதில்லை.

இரண்டாவது வள்ளம். அதைத் தந்தவர் தவநாதன், கனடாவில் இருப்பவர், எங்கள் ஊரவர், சைவர். தகப்பன் சிவக்கொழுந்து இறந்து ஆண்டுத் திவசத்துக்கு வந்தபோது, அவருடைய ஞாபகமாக ஒரு வள்ளமும் எஞ்சினும் வாங்கித் தந்தார். கடற்கரையில் பந்தல் போட்டார்கள். தகப்பனின் படத்துக்கு மாலை. ஒலிபெருக்கி. தேங்காய் உடைத்து, வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்குத் திருநீறு பூசினார்கள். பிறகு தவநாதன் என்னிடம் வந்து, “அக்கா, உங்கடை போதகரும் ஒரு ஜெபம் சொல்லட்டும்” என்றார். அது நல்ல மனம், மறுக்கமுடியாது. ஆனால் வள்ளத்தின் இரு பக்கமும் சிவப்பு வர்ணத்தில் முழ நீளத்துக்கு ‘அமரர் சிவக்கொழுந்து ஞாபகார்த்தமாக’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே தவநாதனின் கனடாத் தொலைபேசி இலக்கம். உதவி தேவையானவர்கள் தனக்கு அழைப்பு எடுக்கட்டும் என்று அவர் சொன்னார். ஊரில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

ரூபன் கரைக்கு வரும்போதெல்லாம் பொடியன்கள் கத்துவார்கள். “அமரர் வாறார், வழி விடுங்கோ.” ஒருவன் கேட்டானாம், “மச்சான், அமரருக்கு போன் நம்பரும் இருக்கு, கோல் எடுத்தா ஆர் தூக்கிறது?”

ரூபனும் சிரிப்பான். வீட்டில் சிரிக்கமாட்டான். செத்தவரின் பெயரில் ஏறி எந்தக் கடலோடி தொழிலுக்குப் போவான்? ஒருநாள் நீல வர்ணம் வாங்கி வந்து ‘அமரர்’ என்ற சொல்லை மட்டும் இரு பக்கமும் மூடிவிட்டான். பெயரையும் இலக்கத்தையும் விட்டுவைத்தான். பெயர் இருக்கும் என்று மேடையில் வாக்குக் கொடுத்தவன் அவன்.

கொடுப்பவரின் பெயர் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். எங்கள் நூலகத்துக்கு வந்துபோன ஒரு முஸ்லிம் ஆசிரியர், தங்கள் மார்க்கத்தில் வெளியாகக் கொடுப்பதும் நன்று, மறைவாகக் கொடுப்பது அதனிலும் நன்று என்பார். பழைய சிவன் கோயில்களில் ஒரு விளக்கு எரிய ஆடு விட்டவனின் பெயர்கூடக் கல்லில் இருக்கிறது. அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் எங்கள் சரித்திரத்தில் பாதியை எழுதமுடியாது. எங்கள் ஆலயத்தில் நாங்கள் அமரும் வாங்குகளிலும் பித்தளைத் தகட்டில் பெயர்கள் உண்டு. எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பெழுத்தைப் பார்க்கும்போது, என் பிள்ளையின் வறுமையை இரு பக்கமும் எழுதிக் கடலில் விட்டதுபோலவே எனக்கு இருந்தது.

இனி அந்த நாட்களுக்கு வருகிறேன்.

புதன் முழுவதும் எங்கள் வள்ளங்கள் தேடின. கடற்படைக்கும் அறிவித்தார்கள். ஒன்றும் இல்லை. குகனின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். சந்நிதி முருகனுக்குக் காவடி நேர்ந்திருப்பதாகச் சொன்னாள். எனக்கு ஜெபம் வரவில்லை. இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லவேண்டும். இத்தனை வருடம் ஜெபக்கூட்டம் நடத்தியவள் நான். வாயைத் திறந்தால் சீனி எவ்வளவு என்று கேட்டதுதான் நினைவுக்கு வந்தது.

வியாழன் பின்னேரம் ஆலயத்துக்குப் போனேன். யாரும் இல்லை. முன் வாங்கில் இருந்தேன். நான் படித்த எந்த ஜெபத்தின் சொல்லும் அப்போது உதவவில்லை. “ஆண்டவரே, ஆரைக் கொண்டெண்டாலும்” என்று மட்டும் சொன்னேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு இலக்கம். துக்கம் விசாரிக்க யாரோ எடுக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். திரும்பவும் அடித்தது. குகனின் தாய் எடுத்து என் காதில் வைத்தாள்.

தவநாதன்.

“அக்கா, தம்பி உயிரோடை இருக்கிறான். இரண்டு பேரும் இருக்கினம். வள்ளத்தைப் படம் எடுத்து ஆரோ எனக்கு அனுப்பியிருக்கினம். இரண்டு பேரும் உயிரோடை எண்டும் இடமும் போட்டிருக்கு. சங்கத்துக்குச் சொல்லிப்போட்டன், வெளிக்கிட்டிட்டினம்.”

அவர் அழுதுகொண்டே தொடர்ந்தார். முதலில் அதை ஏமாற்று வேலை என்று நினைத்து அழிக்கப் போனாராம். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

“அப்பான்ரை பேர் தெரியுது அக்கா. முன்னாலை அமரரைக் காணேல்லை. அந்தாள் உயிரோடை கடல்லை நிண்டு என்னைக் கூப்பிடுற மாதிரிக் கிடந்தது.”

நிலத்தில் இருந்துவிட்டேன். ஆரைக் கொண்டென்றாலும் என்றுதான் கேட்டேன். இவரைக் கொண்டு என்று நான் நினைக்கவே இல்லை.

பின்னேரம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே நின்றது. இருவருடைய உதடுகளும் வெடித்திருந்தன. குகனுக்குக் காய்ச்சல். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நடந்ததை ரூபன் மறுநாள்தான் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த அதிர்ச்சி, அவன் காணாமற் போன செய்தியைக் கேட்டபோது வந்ததைவிடக் குறைந்ததல்ல.

செவ்வாய் இரவு இந்திய இழுவைப்படகுகள் எல்லை தாண்டி வந்திருந்தன. எங்கள் பக்கத்தில் றோலர் என்போம். கடலின் அடியையே வாரி இழுத்துப் போகும், நானும் எத்தனையோ தடவை சபித்த படகுகள். அவற்றில் ஒன்று ரூபனின் வலையைக் கொளுவி இழுத்துக்கொண்டு போனது. படலைக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன அந்த வலையைத்தான். அதை மீட்கவேண்டும் என்று இவர்கள் பின்னால் ஓடினார்கள். வெகுதூரம். வலை கிடைக்கவில்லை. எண்ணெய் முடிந்து எஞ்சின் நின்றது. பிறகு காற்று வைத்ததுதான் வழி.

தண்ணீர் முடிந்தது. குகன் படுத்துவிட்டான். படுத்தபடியே சொன்னானாம், “நீ உன்ரை ஆளைக் கூப்பிடு, நான் என்ரை ஆளைக் கூப்பிடுறன். ஆர் முதல் வாறாரெண்டு பாப்பம்.”

வெள்ளிக்கிழமை விடியற் கருக்கலில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கிட்ட வந்தபோது பார்த்தால், றோலர். இடித்துத் தாழ்க்கப்போகிறார்கள் என்று ரூபன் பயந்தான். எஞ்சின் இரைச்சலில் இவன் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை. மேலிருந்து கயிற்றில் கட்டி இரண்டு தண்ணீர்க் கான்களையும் ஒரு சோற்றுப் பானையையும் இறக்கினார்கள். வயதான ஒருவர் குனிந்து, “மெதுவா குடிங்கப்பா, மெதுவா. அங்க நேவி லைட்டு தெரியுது, எங்களால நிக்க முடியாது. சொல்லிர்றோம்” என்றார். இன்னொருவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வள்ளத்தின் பக்கத்தைப் படம் எடுத்தார். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

யாரிடம் சொல்வார்கள் என்று ரூபனுக்கு விளங்கவில்லை. பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி இலக்கம் எதையும் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. தன் வள்ளத்தில் எழுதியிருப்பது அவனுக்கு அப்போது ஞாபகமே வரவில்லையாம். அவர்கள் தங்கள் கரைக்குக் கிட்டப் போய், தொலைபேசி வேலை செய்யும் இடம் வந்ததும் சிவப்பெழுத்தின் கீழே இருந்த இலக்கத்துக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். தவநாதன் படம் வந்த இலக்கத்துக்கு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தது. பிறகு அது வேலை செய்யவே இல்லை.

இனி என் நிலையை நினைத்துப் பாருங்கள். என் பிள்ளை இருந்த இடத்தைக் காட்டித்தந்தது, நான் வெட்கப்பட்ட பெயர். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தது, நான் சபித்த படகு. வலையை இழுத்துப்போனதும் அதே படகுதானோ, வேறொன்றோ, அதுவும் தெரியாது. நான் மெச்சிய மறைவான கொடை கடலுக்கடியில் கிடக்கிறது. அதைக் கொடுத்தவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அவருடைய கொடையையும் ஆண்டவர் குறைவாக எண்ணமாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் எது உயர்ந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். கொடுக்கிறவன் பெயரை வைத்து ஆண்டவர் என்ன செய்வார், பெயர் இல்லாததை வைத்து என்ன செய்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. வெளிச்சம் மனுஷர் முன் பிரகாசிக்கட்டும் என்று சொன்னவரும் அதே மலையில் போதித்த ஆண்டவர்தான். அதை இத்தனை வருடம் வாசித்தும் நான் இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை.

ரூபன் ‘அமரரை’ மறைத்ததைத் தவநாதனிடம் சொல்லி, திரும்ப எழுதித் தருகிறேன் என்றான். “விடடா தம்பி, அது உப்பிடியே கிடக்கட்டும்” என்றார் அவர். இப்போது ரூபன் ஓய்வு நாட்களில் மற்றவர்களின் வள்ளங்களில் வீட்டுத் தொலைபேசி இலக்கங்களை எழுதிக் கொடுக்கிறான். முன்பு பகிடி பண்ணிய பொடியன்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். “பெரிசா எழுது மச்சான், கனடாவிலையிருந்து பாத்தாலும் தெரியவேணும்” என்கிறார்கள். றோலர்களுக்கு எதிராகச் சங்கம் நடத்திய ஊர்வலத்துக்கும் அவன் போனான். நான் தடுக்கவில்லை. வலை அறுபட்டால் பசிப்பது எங்களுக்குத்தான். கொடியைப் பிடித்துக்கொண்டு போனவன் ஒரு கோஷமும் போடவில்லை என்று குகன் சொன்னான்.

நன்றி ஆராதனைக்கு முன், அந்தப் படகைப் பற்றி ரூபனிடம் கேட்டேன். அவர்கள் எந்தச் சமயத்தவர்கள், சிலுவையோ வேலோ பிறையோ ஏதும் படகில் இருந்ததா என்று கேட்டேன்.

“சோறு தந்தவையிட்டை உதையே கேக்கிறது?”

பெயராவது, இலக்கமாவது கண்டாயா என்றேன்.

“ஓம், கண்டனான். உங்களுக்குச் சொல்லமாட்டன் அம்மா. நீங்கள் எழுதி வைப்பீங்கள். எழுதினா ஒருநாள் ஆரும் வாசிப்பினம். அந்தாள் பிறகு எங்கடை சிறையிலை இருக்கும்.”

நூலகத்தில் இருந்த காலம் தொட்டு எந்த வெற்றிடத்தையும் விட்டுவைக்காதவள் நான். அன்று விட்டுவைத்தேன்.

பிரியமானவர்களே, கடலில் பிள்ளையை விட்டுவிட்டு இதை வாசிக்கும் தாய் யாராவது இருந்தால், நீங்களும் கேளுங்கள். யாரைக் கொண்டு என்று ஆண்டவருக்கு நீங்கள் வழி சொல்லவேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் சிவக்கொழுந்தின் குடும்பத்துக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன். அதன் பின் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் முழங்காலில் இருக்கிறேன். அந்த நேரம் அந்த வயதானவருக்கு. அவர் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.