கூறை எடுக்கும் கை

எனக்கு இரண்டாவது கல்யாணம் என்று முடிவான நேரத்தில் நான் சத்துணவுக்கூடத்தில் கொண்டைக்கடலை கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், போனில் கூப்பிட்டான். "அவங்க சரின்னுட்டாங்கக்கா. வைகாசில வெச்சுக்கலாமுங்கறாங்க" என்றான். நான் சரி என்றேன். கடலையை அடுப்பில் ஏற்றினேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவு வராமல் இன்னொரு தரம் போட்டேன். அன்றைக்குக் கடலை கரித்தது. பிள்ளைகள் அப்படியே தின்றுவிட்டு ஓடினார்கள்.

என் முதல் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். வடக்கே எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்த பிறகு வெண்ணந்தூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்கு வந்தேன். வந்து வருஷம் பல ஆகிவிட்டது. தம்பி நல்லவன். அவன் மனைவியும் வாய்தான் கொஞ்சம் அதிகம், மற்றபடி குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த வீட்டில் என்னுடைய பாய் சுருட்டி வைக்கிற இடம்கூட அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்தது.

எடப்பாடியில் டயர் கடை வைத்திருக்கிறவர் ஒருவருக்கு மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டதாகவும், நல்ல மனுஷர் என்றும் தம்பியின் சிநேகிதன் ஒருவன் சொல்லி இந்தப் பேச்சு வந்தது. அவர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையில் பேனா வைத்திருந்தார். கிளம்பும்போது செருப்புப் போட்டுக்கொண்டே, "உங்களுக்கு இதுல இஷ்டந்தானுங்களா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். இஷ்டம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானும் உள்ளே கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் கூறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கிற கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணவறையில் உட்கார வேண்டும். அந்தச் சேலையை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வருவாள். அதை இணைச்சீர் என்போம். இரண்டாம் தரம் என்றால் பெரும்பாலும் இதெல்லாம் கிடையாது. கோயிலில் வைத்து ஒரு மஞ்சள் கயிறு, ஏதோ ஒரு புதுச்சேலை, நாலு பேர். அப்படி வந்தவளை "கட்டிக்கிட்டு வந்தவ" என்பார்கள். "கல்யாணம் பண்ணி வந்தவ" என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள். எந்த விசேஷத்திலும் சீர் செய்கிற இடத்துக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். பேரன் பிறந்த பிறகும் துருவிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவளைப்போல அந்த வீட்டில் நான் ஆகிவிடக் கூடாது. தெளிவாக இருந்தது இவ்வளவுதான். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜவுளி எடுக்க ஒரு நாள் சொல்லி, மாப்பிள்ளையின் அக்காவிடம் தம்பி போனில் கேட்டான். "கூறை எடுக்கறதா வேண்டாமான்னு கடையில வந்து பாத்துக்கலாமுங்க" என்று அந்தம்மா சொன்னார்களாம். தம்பி போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னான்.

சேலத்தில் பெரிய கடை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் வேன் பிடித்துக்கொண்டு சொந்தபந்தத்தோடு வருவார்கள். நாங்கள் நாலு பேர்தான் மாடி ஏறினோம். நான், தம்பி, தம்பி மனைவி, மாப்பிள்ளையின் அக்கா. மாப்பிள்ளை பார்க்கிங் கிடைக்கவில்லை என்று கீழே காரிலேயே இருந்துகொண்டார். அந்த அக்கா உயரமானவர். நெற்றி நிறையக் குங்குமம். கையை எப்போதும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

முகூர்த்தப் பட்டுப் பகுதியில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தது. உட்கார்ந்தோம். கடைக்காரத் தம்பி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு பின்னால வருதுங்களா?"

"பொண்ணு உங்க முன்னாலதான் உக்காந்திருக்குதுங்க" என்றாள் தம்பி மனைவி, என்னைத் தாடையால் காட்டி.

அவர் என்னைப் பார்த்தார். என் தலைமுடியைப் பார்த்தார். உடனே குனிந்து ஒரு கட்டுச் சேலையை இழுத்தார். "அப்படீங்களா. அக்கா நிறத்துக்கு அரக்கு எடுப்பா இருக்குமுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. எதிரே ஜவுளி எடுக்க வந்திருந்த வேறொரு பெண்ணின் அப்பா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அரக்கு, பாக்கு நிறம், வெங்காயத்தோல் நிறம். யாராவது ஒருவர் கையால் எடுத்து, "இது நல்லாருக்குது பாரு" என்று சொன்னால்தான் வேலை தொடங்கும். ஒருவரும் எடுக்கவில்லை.

"நீங்க எடுங்க மச்சான்" என்று அந்த அக்கா தம்பியிடம் சொன்னார்.

தம்பி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். "எங்கையால வேண்டாமுங்க" என்றான்.

ஏன் என்று எனக்குத் தெரியும். கணவன் செத்த வீட்டில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். அன்றைக்கு அவன்தான் எடுத்து வந்தான். நீலத்தில் சின்னச் சின்னப் பூப்போட்ட சேலை. என் தோளில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனான். அப்படித்தான் போக வேண்டும். அந்தச் சேலையைச் சத்துணவுக்கூடத்துக்குக் கட்டிக் கட்டி நைந்த பிறகு கரித்துணி ஆக்கினேன். அவனுக்கு அது இன்னும் நையவில்லை போலிருக்கிறது.

"அப்ப நீங்கதானுங்க எடுக்கோணும். மாப்பள ஊட்டு முறை அது" என்றாள் தம்பி மனைவி.

"நான் எடுக்க மாட்டனுங்க" என்றார் அந்த அக்கா. குரல் இறங்கிவிட்டது. "அவளுக்கும் நாந்தான் எடுத்தேன். நாந்தான் கூடையில வெச்சுச் சொமந்தேன். அது அவளோடயே போயிருச்சு."

சுமங்கலியாகச் செத்துப்போகிற பெண்ணுக்குக் கூறையைக் கட்டித்தான் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவார்கள். தம்பியின் முதல் மனைவியோடு போன அந்தச் சேலையைச் சொன்னார். கடைக்காரத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ஊருங்கம்மா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சரி உடுங்க, எனக்கென்ன, ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தான் இருக்கறேன், நான் எடுக்கறேன்" என்று தம்பி மனைவி கையை நீட்டினாள்.

"பொண்ணு ஊட்டுக்காரங்க கூறை எடுத்தா எங்கூருல சிரிப்பாங்க அம்மிணி" என்றார் அக்கா.

"எங்கூருல மட்டும் அழுவாங்களாக்கு" என்று முணுமுணுத்தாள் அவள். நீட்டிய கையை மடக்கி மூக்குத்தியைத் திருகிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எல்லோரும் சேலைக் குவியலைச் சாப்பாட்டு இலையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளே சொன்னாள். "ஏனுங்க, இப்பிடிப் பண்ணலாம். கூறையே வேண்டாம். எங்கண்ணிக்கு இந்த வயசுல அரக்கெல்லாம் எதுக்கு? லேசா ஒரு சந்தனக் கலர்ல நல்ல பட்டா ஒண்ணு எடுத்துட்டுப் போயிரலாமுங்க. பின்னால நாலு விசேஷத்துக்குக் கட்டுன மாதிரியும் இருக்கும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரு வழி கிடைத்தது. தம்பி தொடைக்கடியிலிருந்து கையை எடுத்தான். அந்த அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "அதுதானுங்க நல்லது, அப்பிடியே செஞ்சுக்கலாம்" என்றார். எழுந்துகூட விட்டார். அடுத்த பக்கத்தில் இருந்த விசேஷப் பட்டுகளில் சந்தன நிறத்தில் ஒன்றைத் தம்பி மனைவி ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். பச்சைக் கரை. நல்ல சேலைதான்.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். தெருக்காரி தேங்காய் துருவும்போது முழங்கை எப்படி அசையும் என்பது கண்ணுக்குள் வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கடைக்காரத் தம்பி விரித்த சேலைகளை மடிக்க ஆரம்பித்தார். ஆள் துணை இல்லாததால், "அக்கா, இந்த முனையைச் செத்த புடிச்சுக்கிறீங்களா?" என்று ஒரு அரக்குச் சேலையின் முனையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். வீட்டில் போர்வை மடிக்கிறமாதிரி அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பாதி மடித்தபோது அவர் தம்பி மனைவி பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார். "எப்பிடி பேக் பண்றதுங்க? முகூர்த்தத்துக்கா, சும்மா விசேஷத்துக்கா?"

அந்தக் கடையில் இரண்டும் வேறு வேறு. முகூர்த்தச் சேலை என்றால் முனையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் கொடுப்பார்கள். மற்றதைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

தம்பி மனைவி வாயைத் திறப்பதற்குள், "முகூர்த்தத்துக்குங்க" என்றேன்.

என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"எதுங்கக்கா? அந்தச் சந்தனமுங்களா?"

"இல்லீங்க. இது."

கையில் இருந்ததைக் காட்டினேன். அது அழகாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. கையில் இருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணி, அதுல ஒடம்பெல்லாம் மயிலு மேயுது" என்றாள் தம்பி மனைவி.

"மேயட்டும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த சந்தனச் சேலையை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரத் தம்பிக்கு ஒரு வழியாக வேலை முடிந்த சந்தோஷம். சேலையை மடித்து, மஞ்சள் தடவி, கற்பூரம் காட்டி, மேலே இரண்டு வெற்றிலை வைத்து, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "யாருங்க வாங்கிக்கறீங்க?" என்றார்.

வாங்கிக்கொள்ள வேண்டியவர் அந்த அக்காதான். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். "எங்கையி வேண்டாம் அம்மிணி. சொன்னாக் கேளு" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். முதல் முறையாக என்னோடு நேராகப் பேசினார். கண் ஓரம் சிவந்திருந்தது. அவர் வெறுப்பில் மறுக்கவில்லை, பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எனக்கும் கோடி விழுந்திருக்குதுங்க" என்றேன். "அப்பிடியிருந்தும் என்னையே உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க. இதையும் எடுத்துக்குங்க."

கடைக்காரத் தம்பி கையை இறக்காமல் நின்றார். அந்த அக்கா முந்தானையில் கையை அழுத்தித் துடைத்தார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம். அப்புறம் நீட்டி வாங்கிக்கொண்டார்.

படி இறங்கினோம். கீழே அவர் காரை விட்டு இறங்கி வந்தார். அக்காவின் கையில் மஞ்சள் துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "டீ சொல்லட்டுங்களா?" என்றார். எதிர்ப் பேக்கரியில் போய் நின்றோம். நல்ல வெயில். பஸ் போகிற சத்தத்தில் யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

டீ வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அக்கா எடுக்கவில்லை. தம்பி மனைவி, "அதை அந்த டேபிள் மேல வெச்சுட்டுக் குடிங்க" என்றாள்.

"எச்சப் பட்ட எடம். கூறையை வெக்கலாமா?"

"அப்பக் கார்ல வெச்சுட்டு வாங்க."

"காலு படற எடம்" என்றார். சேலையை நெஞ்சோடு இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டீயில் ஆடை படியத் தொடங்கியது.

நான் அந்த டம்ளரை எடுத்து ஊதினேன். அவர் வாயருகே கொண்டுபோனேன். கொஞ்சம் தயங்கினார். தலையைக் குனிந்து ஒரு வாய் குடித்தார்.

"சக்கரை கம்மியாப் போட்டுட்டான்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம், பரவால்ல. இன்னொரு வாய் குடு."

கொடுத்தேன்.