தலையில் பெய்த பனி

மூன்றாம் மாடிக்காரியின் சண்டைக் கதை எங்கே ஓடிவிடப் போகிறது பரிமளா, அது கிடக்கட்டும். முதலில் இந்த வீடியோவைப் பார். என் பேத்திதான். அவள் அப்பாவுக்கு வேலை மாறிக் குடும்பத்தோடு குளிர் நாட்டுக்குப் போனார்களே, அங்கே அவர்களுக்கு வரும் முதல் லீவு. பலகையில் உட்கார்ந்து எப்படிச் சறுக்கிக்கொண்டு வருகிறாள் பார். இது பனியில் பிடித்த பொம்மை. மூக்குக்குக் கேரட் செருகியிருக்கிறார்கள். நம் பாலைவனத்து அல் குசைஸில் கேரட் சாம்பாருக்குப் போகிறது, அங்கே மூக்குக்குப் போகிறது.

போனில் என்னிடம் கேட்கிறாள், "பாட்டி, நீ ஸ்னோ பாத்திருக்கியா?" என்று. பார்த்திருக்கிறேன், அஜ்மானில் இருந்தபோது என்றேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. நீயும்தான் சிரிக்கிறாய்.

எனக்கு அப்போது ஏழோ எட்டோ. படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக ஏறியிருந்தது. அஜ்மானில் இன்று கட்டிடமாக நிற்பதில் பாதி அன்று வெறும் மணல். அப்பா ஒரு கம்பெனியில் கிளார்க். அவருடைய வெள்ளைக்கார மேனேஜர் லீவுக்குத் தன் ஊருக்கு வரச் சொல்லி, தங்க வீடும் தருவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பனி விழும் ஊருக்குப் போகிறோம் என்று கட்டிடம் முழுக்கச் சொன்னார். அம்மா ஊரிலிருந்து ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வரவழைத்து, அந்த வெயிலில் எனக்குப் போட்டுப் பார்த்தாள். வேர்க்குருதான் வந்தது.

பாஸ்போர்ட்டெல்லாம் கஃபீலின் பீரோவில் இருந்தது. விசா கொடுத்த முதலாளி அவர்தானே. இப்போது லீவு கிடையாது, கலாஸ், முடிந்தது பேச்சு என்றுவிட்டார். மேல்வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள், என் வயதுதான். படியில் வைத்து என்னிடம், "உங்கப்பா புளுகு. பனியாவது கினியாவது" என்றாள். நான் அழுதுகொண்டே வந்து சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பிடி பனியாவது கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். அந்தப் பள்ளிக்கூட லீவு முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, தொழிலாளர் கேம்பில் தங்கியிருந்தார். கப்பலில் வரும் கோழியை உறைய வைத்து அடுக்குகிற கோல்ட் ஸ்டோரில் அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. நாங்கள் ஏசி ரூமில் முடங்கிக் கிடக்க, அவர் மட்டும் பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடி வெயிலுக்குப் போய்ப் படுப்பார். கிறுக்கு மாமா என்று சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

அவர்தான் என் காதில் வந்து சொன்னார்: "அப்பா சொன்ன ஊருக்குப் போக பாஸ்போர்ட் வேணும் பாப்பா. என் ஊருக்கு வேணாம். கெளம்பு."

வெளியூர்ப் பயணம் என்று நினைத்துவிட்டாள் அம்மா. வெளியூர் என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? தலையில் தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்து, வழிய வழிய வாரி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். தயிர் சாதமும் கட்டிக் கொடுத்தாள். மாமாவின் கம்பெனி பிக்கப் வண்டியில் போனோம். கோல்ட் ஸ்டோர் வாசலில் இருந்த பட்டாணியக் காவலாளி என் குல்லாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஜல்தி, பாய்" என்று மாமாவை அவசரப்படுத்திக் கதவைத் திறந்துவிட்டார்.

பரிமளா, அந்தக் கதவு திறந்ததும் ஒரு வெள்ளைப் புகை வந்து என்னை அணைத்தது. உள்ளே சத்தமே இல்லை. விளக்கெல்லாம் பால் மாதிரி. நான் பேசினால் என் பேச்சு புகையாக மேலே போகிறது. மாமாவின் மீசை வெளுத்துவிட்டது. ஒரு கோழி அட்டைப் பெட்டியைப் பிரித்து, கயிறு கட்டி, என்னை உட்காரவைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போகிறேன், இரண்டு பக்கமும் பெட்டி மலை. குழாய்மேல் படிந்த பனியைச் சுரண்டி எனக்கு ஒரு பொம்மை பிடித்துத் தந்தார். உள்ளங்கை அளவுதான். மூக்குக்குத் தயிர் சாதத்து மிளகாயைச் செருகினோம். கனவில் நடப்பது மாதிரி இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த வெள்ளையில்தான் போய் நிற்கிறேன்.

குல்லாவைக் கழற்றித் தலையைத் தொட்டேன். மொரமொரவென்று இருந்தது. பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தால், வெள்ளை. என் தலையிலேயே பனி பெய்திருந்தது. பொம்மையை வெளியே எடுத்துப் போக முடியாது என்று மாமா சொன்னபோதுகூட நான் கவலைப்படவில்லை. தலையை யார் பிடுங்க முடியும்?

"யல்லா, போதும்" என்று மாமா வெளியே தூக்கி வந்தார். உச்சி வெயில். நான் வண்டியின் நிழலுக்கு ஓடினேன். மாமா ஓடவில்லை. கையுறையைக் கழற்றி, கொதிக்கிற பானட்டின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, கண்ணை மூடி நின்றார். நான் கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. இதுவும் ஒரு விளையாட்டாக்கும் என்று நானும் ஒரு விரலை வைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வருவதற்குள் நெற்றி, காது, கழுத்தெல்லாம் வழிந்து ஸ்வெட்டர் ஊறிவிட்டது. மேல்வீட்டுப் பெண்ணிடம் பனி பார் என்று பின்னலை நீட்டினேன். குனிந்து மோந்து பார்த்தாள். "தேங்காண்ணெய்" என்றாள். அவ்வளவுதான், கட்டிடமே சிரித்தது. அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் ஈரப் பின்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். "ரொம்பக் குளிருமா?" என்றார்.

என்னைக் கேட்கிறார் என்று நினைத்து நான்தான் முந்திக்கொண்டேன். "இல்லப்பா, ஜாலியா இருந்துச்சு."

"ஆமா மச்சான், ஜாலிதான்" என்றார் மாமா, சிவந்த கையை லுங்கிக்குள் சொருகிக்கொண்டு. அன்று அப்பா அவர் தட்டில் தன் கையால் சோறு போட்டார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

இரு, வீடியோ இன்னும் முடியவில்லை. கடைசியில் பார், பேத்தி வீட்டுக்குள் வந்து கையுறையைக் கழற்றி, ஹீட்டர்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கண்ணை மூடுகிறாள். அப்படியே மாமாவின் முகம். இவள் விளையாடிவிட்டு வந்தவள். மாமாவுக்கு அது தினமும் டியூட்டி.

அய்யோ, பேச்சு சுவாரஸ்யத்தில் பால்கனித் துணியை மறந்தேனே. இந்த வெயிலுக்கு இந்நேரம் அப்பளமாகியிருக்கும். நீ வீடியோவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிரு, எடுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்.