லைன் வரக்கூடாது

யாங்கோனில் என் மாமியார் காலையில் கண் விழித்ததும் கேட்கும் முதல் கேள்வி, "லைன் இருக்கா?" சாமி படத்தைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். இங்கே போன் சிக்னலும் லைன், இன்டர்நெட்டும் லைன். ஊருக்குள் ஓடும் பஸ் லைன் கார். கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளும் லைன்தான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை சுற்றியது. இத்தனைக்கும் மானாமதுரையில் நான் வளர்ந்ததும் ஒரு லைன் வீட்டில்தான். பின்பக்கம் ரயில் லைன். "லைன் பக்கம் போகாதே" என்று அம்மா கத்துவாள். கரண்டு போனால் லைன்மேனைத் திட்டுவோம். நிச்சயம் முடிந்த பிறகு இவர் இங்கிருந்து போன் பண்ணி, "மாடியில நின்னு லைன் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அண்ணன், "நல்ல மாப்பிள்ளைடீ உனக்கு! மொட்டை மாடியில நின்னு லைன் தேடுறாராம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். பயமாக இருக்கிறது. அதுதான் பதில். என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு முப்பத்திரண்டு வயது. இங்கேயே பிறந்தவர், அடையாள அட்டையில் இருப்பது பர்மியப் பெயர். அந்த வயது ஆண்களை ராணுவம் கட்டாயமாகப் படைக்கு எடுக்கிறது. அவர் வேலை செய்யும் பிளாஸ்டிக் கம்பெனி ஆற்றுக்கு அந்தப்பக்கம் தன்லியினில் இருக்கிறது. வீடு திரும்ப லைன் காரில் ஏறிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் சில நாள் ராணுவக்காரர்கள் நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பார்கள். தெரியாத எழுத்தில் ஏதாவது இருந்தால் கேள்வி வரும். தமிழ் அவர்களுக்குத் தெரியாத எழுத்து. அதனால் சாயங்காலம் பஸ் ஏறியதும் "ஏறிட்டேன்" என்று எனக்கு ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு, அன்றைக்கு நான் எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அதற்குப் பிறகு நான் எதுவும் அனுப்பக்கூடாது. தினமும் பாலத்துக்கு முன்னால் என் புருஷன் போனிலிருந்து நான் காணாமல் போகிறேன். பழகிவிட்டது என்று சொல்வேன் என்று நினைக்காதீர்கள். பழகவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் "ஏறிட்டேன்" வந்தது, ஆள் வரவில்லை. கீழ்வீட்டுக்காரி ஓடிவந்து, பாலத்தில் ஆள் பிடிக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூப்பிட்டால் அவர் போன் அடிக்கவேயில்லை. "சும்மா அதைத் தட்டாதே, அவன் வருவான்" என்றார் மாமியார். என் கை கேட்கவில்லை. "எங்க இருக்கீங்க?", "பாலத்துல ஆள் பிடிக்கிறாங்களாம்", "பயமா இருக்கு, எறங்கி ஓடி வந்துடுங்க" என்று தமிழில் வரிசையாக அனுப்பினேன். எல்லாம் என் போனை விட்டுப் போய்விட்டன, அவரிடம் போய்ச் சேரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் லைனும் செத்தது.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே வெற்றிலைக் கடை வைத்திருக்கிற பர்மியப் பெண்மணி டோ கின் என்னைத் தமீ என்றுதான் கூப்பிடுவார். மகள் என்று அர்த்தம். "லைன் மமிபூ, தமீ" என்று தன் போனையும் காட்டினார். லைன் கிடைக்கவில்லையாம். "உன் புருஷன் இருக்கிற கறுப்புக்கு, இருட்டிட்டா அவங்க கண்ணுலயே பட மாட்டான்" என்று சிரித்தார். தேற்றுகிறாராம். அறையலாம் போலிருந்தது. அப்போது ஒரு லைன் கார் வந்தது. பாதி சீட் காலி, இறங்கியதெல்லாம் பெண்களும் கிழவர்களும். கண்டக்டரின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "ஆம்பளைங்களை எறக்கி லைன்ல நிறுத்திட்டாங்க அக்கா. போனை ஒண்ணொண்ணா பார்க்கிறாங்க. இன்னும் நிறைய பேர் நிக்கிறாங்க" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அந்த வரிசையில் நிற்கிறார். துடைத்து வைத்த போன் கையில் இருக்கிறது. நான் அனுப்பியது எல்லாம் எங்கேயோ அந்தரத்தில் நிற்கிறது. இந்த நிமிஷம் லைன் வந்தால், போனை வாங்குகிறவன் கையில் இருக்கும்போதே அத்தனையும் வந்து விழும். ஓடி வந்துடுங்க என்று எழுதியிருக்கிறேன். அழிக்கலாம் என்றால் அதற்கும் லைன் வேண்டும். அதுவரை லைன் வர வேண்டும் என்று கும்பிட்டவள், வரக்கூடாது என்று கும்பிட ஆரம்பித்தேன். டோ கின் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இதோ வந்துடும், வந்துடும்" என்றார். "வரக்கூடாது!" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் முதுகைத் தட்டி, "ஆமா தமீ, கண்டிப்பா வரும்" என்றார்.

அடுத்த காரில் அவர் வந்து இறங்கினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வீடு வரைக்கும் வேகமாக நடந்தோம். மாடிப்படியில்தான் கேட்டேன், "போனைப் பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க. கல்யாணம் ஆனவன்னு சொல்றே, பொண்டாட்டி ஒரு வார்த்தைகூட எழுதலையான்னு கேட்டுச் சிரிச்சாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கோவமா இருக்கா, அதான்னு சொன்னேன். போடான்னு விட்டுட்டாங்க."

கதவைத் திறக்கும்போது தெருவில் யாரோ லைன் வந்துவிட்டது என்று கூவினார்கள். அவர் பையில் டிங், டிங் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. அவர் கோயில் பள்ளியில் தமிழ் படித்தவர், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். "எ… றங்… கி… ஓ… டி…" என்று வாசித்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மாமியார் போனைப் பிடுங்கி எனக்கு நேராக நீட்டினார். நானே அழித்தேன்.

அடுத்ததாக என் போன் அடித்தது. "அம்மா மானாமதுரை" என்று தமிழில் பெயர் மின்னியது. "என்னடி, சாயங்காலத்துலேருந்து லைனே போகலை?" என்றாள் அம்மா. "லைன் மமிபூ" என்றேன். "என்னது?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, மழை" என்றேன். வைத்ததும் என் போனையும் துடைத்தேன். அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு, எழுத்துச் சரியா என்று மாமியாரைப் பார்க்கச் சொல்லி பர்மிய எழுத்தில் "அமே" என்று போட்டேன். அவர்கள் பாஷையில் அம்மா. எனக்கு அந்த எழுத்து இன்னும் சரளமாக வராது. இப்போதெல்லாம் அம்மா கூப்பிடும்போது திரையில் வட்டம் வட்டமாக ஏதோ தெரிகிறது. யாரோ, எதற்கோ என்று முதலில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அம்மா என்று அப்புறம்தான் புரிகிறது.